எழுகையியல்: கொல்லிமலை இருக்கைகளின் வகைப்பாடு

கற்போய், கேள். வல்லாட்சி நீங்கிக் குடியாட்சி வருதலை நூலோர் பலரும் சட்டத்தாலும் படையாலும் தேர்தல் நாளாலும் அளந்தனர். அவையனைத்தும் புறவளவை. அகவளவை ஒன்று உண்டு. அது யாதெனின், ஒருவர் உள்ளே வருங்கால் எவர் இருக்கையை விட்டு எழுகின்றார் என்பது. எழுபவர் மாறாதவரை ஆட்சி மாறியதாகக் கொள்ளற்க. எழுபவர் மாறிவிட்டாலோ, சட்டம் இன்னும் அச்சேறாவிடினும் மாறியதாகவே கொள்க. இவ்வளவையை ஆராயும் துறைக்கு எழுகையியல் என்று பெயரிட்டோம்.

இத்துறைக்குக் களம் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளை ஏறிக் கடந்தால் இம்மலை வரும். வளைவுகளில் தலை சுற்றிய மாணாக்கர் சற்றே அமர்ந்து எழுக. அவ்வெழுகை நம் ஆராய்ச்சியுள் அடங்காது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு என மரபுத் தலைவர்கள் ஆண்ட பழைய நாடுகளின் பெயராலேயே இங்கு இன்று 14 ஊராட்சிகள் உள்ளன. சட்டம் வந்து நாட்டின் பெயரைத் தொடாமல் இருக்கையை மட்டும் மாற்றிய இடம் இது. சோவியத்து ஒன்றியம் 1991இல் உடைந்தபின் பிறந்த நாடுகளில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே ஆகலின், அவற்றையும் இடையிடையே ஒப்புமைக்குத் தருதும். அவை கொல்லிமலையினும் பெரியன என்பதுபற்றி மாணாக்கர் மலைக்க வேண்டா. வகைப்பாட்டிற்குப் பரப்பளவு பொருட்டன்று.

இயல் 1: இருக்கை

எழுதலுக்கு முன் இருத்தல் வேண்டும். இருத்தலுக்கு இருக்கை வேண்டும். அது நால்வகைப்படும்.

1. கல்லிருக்கை. ஊர் நடுவே மரத்தடியில் கிடப்பது. கால் இல்லாதது, ஆதலின் எவராலும் தூக்கிச் செல்லப்படாதது. இதன்மேல் அமர்பவர் ஊர்க்கவுண்டர். மலையாளிப் பழங்குடியினர் ஊர்தோறும் ஒருவரை இவ்வாறு அழைப்பர். பல ஊர் சேர்ந்த நாட்டிற்கு அவர்க்கும் மேலாக ஒருவர் உண்டு. (மலையாளி என்றதனால் கேரளத்தார் என மயங்கற்க. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த உடன்பிறந்தார் மூவரின் வழியினர் தாம் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.) இவ்விருக்கை தந்தைக்குப்பின் மகனைச் சேரும். நிலப்பூசல் தீர்த்தல், மணமுறிவுக்கு வழி சொல்லல், கோயில் விழாவுக்கு நாள் குறித்தல், தவறு செய்தாரிடம் ஒறுப்புக் காசு வாங்கல் ஆகியன கல்லிருக்கையின் தொழில்கள்.

இதனை முழு வல்லாட்சி என்று எழுதிவிட யாம் முதலில் எண்ணியதுண்டு. ஆயின் சுற்றியமர்ந்த முதியோர் நால்வர் ஒருங்கே முகம் சுளித்தால் தீர்ப்பு மறுநாளைக்குத் தள்ளிப்போகும் என்பதனால், முக்கால் வல்லாட்சி எனத் திருத்தினோம். பெண்டிர்க்கு அக்கல்லைச் சுற்றி இடமில்லை. இஃது அக்கல்லின் குறை. எம் வகைப்பாட்டின் குறை அன்று.

2. திண்ணையிருக்கை. கல்லுக்கும் நாற்காலிக்கும் இடைப்பட்டது. ஆராயத்தக்கது இதன்கண் ஒன்றுமில்லை.

3. நெகிழியிருக்கை. ஊராட்சி அலுவலகத்தில் இருப்பது. நிறத்தால் சிவப்பு, நீலம் என இரண்டு. உறுப்பால் கையுடையது, கையிலது என இரண்டு. நலத்தால் முழுது, பிளவுற்றது என இரண்டு. பிளவுற்றதனை ஊன்றி நோக்குக. முதுகுப்புறம் நெடுக விண்டிருக்கும். விண்ட இடத்தில் இருபுறமும் ஆணியைக் காய்ச்சித் துளையிட்டு மெல்லிய கம்பியால் தைத்திருப்பர். கம்பியின் முனையை வெளிப்புறமாக மடிப்பதே முறையாயினும் தைத்தவர் உட்புறமாகவே விட்டிருப்பார். ஆகலின் அதில் அமர்ந்தவர் முதுகைச் சாய்க்காமல் முன்குனிந்தே இருப்பர். காண்போர் அதனைப் பணிவு எனக் கொள்வர்.

இவ்விருக்கை மலையேறிய வரலாறு கூறுதும். அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்பிரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கிணங்கத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்வழி முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. இதன்படி ஊராட்சித் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுப்பர். கட்சியின் பெயரோ சின்னமோ இத்தேர்தலில் இல்லை. பழங்குடியினர்க்கு அவர்தம் மக்கள்தொகைக்கேற்பவும், பெண்டிர்க்கு மூன்றில் ஒரு பங்கும் ஒதுக்கினர்; பெண்டிர் பங்கு 2016இல் பாதியாயிற்று. கல்லைச் சுற்றி நிற்கவும் இடமில்லாதிருந்தவர் நாற்காலியில் அமரும் உரிமை பெற்றது இவ்வாறு. கம்பி பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

4. துண்டிருக்கை. சாய்மானத்தின்மேல் வெண்துண்டு விரித்த நாற்காலி. இத்துண்டு துவட்டுதற்கன்று, தோளில் இடுதற்குமன்று. இதனை உடைய நாற்காலியில் அரசு அலுவலர் அமர்வர். துண்டு விரிந்திருக்கும்வரை அலுவலர் உள்ளார் என்றே கொள்ளப்படும், அவர் நாமக்கல்லில் கூட்டத்திற்குச் சென்றிருந்தாலும். செம்மேட்டிலுள்ள ஒன்றிய அலுவலகத்தில் இவ்வகையைத் தடையின்றிக் காணலாம். நால்வகையுள்ளும் எவரும் வாக்களித்துத் தராததும், எவருக்கும் வழிவழியாக வாராததும் இஃதொன்றே என்பதை இப்போதே குறித்துக்கொள்க. பின்னர்ப் பயன்படும்.

இயல் 2: எழுகை

இருக்கையை விட்டு நீங்குதல் எழுகை எனப்படும். அஃது ஆறு வகை.

வெட்டெழுகை. இருந்தவனைக் கொன்று இருக்கையை வெறிதாக்கல். கொல்லிமலையில் நாம் அறிந்த முதல் ஆட்சி மாற்றம் இதுவே. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி இம்மலையை ஆண்டான். மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாடல்கள் கூறும். இங்கு நுண்ணிதின் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. வென்றவன் அமரவில்லை, அமர்ந்தவன் வெல்லவில்லை, மலையில் வாழ்ந்தாரை எவரும் கேட்கவில்லை. இவ்வகை இன்று வழக்கொழிந்தது. ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அரசே விழா எடுக்கின்றது. அவ்விழா மேடையில் இடப்படும் நாற்காலிகள் நான்காம் வகையின.

எழாவெழுகை. இருந்தவாறே இறத்தல். துருக்மெனிசுத்தானின் குடியரசுத் தலைவர் நியாசோவு 2006 திசம்பரில் இவ்வகையால் நீங்கினார். தலைநகரில் கதிரவன் திரும்பும் திசைக்கெல்லாம் தானும் திரும்பும் பொன்னிறத் திருவுருவைத் தமக்கென நிறுவியவர் அவர். இருக்கையில் அசையாதிருந்த குறையை அது நிறைவு செய்தது போலும். அடுத்து வந்த பெர்திமுகமதோவு 2022இல் இருக்கையைத் தம் மகனுக்குத் தந்தார். ஊர்க்கவுண்டர் முறையை அவர்கள் எங்ஙனம் அறிந்தனர் என்பது ஆய்வுக்குரியது. கல்லிருக்கை பெரும்பாலும் இவ்வெழுகையாலேயே கைம்மாறும். மகன் அப்போதே அமர்வதால் கல் ஆறுவதில்லை.

ஓடெழுகை. கூட்டம் வாயிலுக்கு வருமுன் பின்வழியே நீங்கல். கிர்கிசுத்தானின் குடியரசுத் தலைவர்களுள் 2005 மார்ச்சில் அக்காயேவும், 2010 ஏப்பிரலில் பாக்கியேவும் இவ்வாறு நீங்கினர். முன்னவரை விரட்டிய கிளர்ச்சியால் அமர்ந்தவர் பின்னவர் என்பது இதன் சிறப்பு. கொல்லிமலையில் இவ்வகை காணப்படவில்லை. இறங்கும் வழியில் 70 வளைவுகள் உள்ளமை ஏதுவாகலாம்.

உந்தெழுகை. ஓடவும் இயலாது, இருக்கவும் இயலாது, பலர் பார்க்க எழுதல். சியார்சியாவின் குடியரசுத் தலைவர் செவர்த்துநாட்சே 2003 நவம்பர் 23இல் இவ்வாறு எழுந்தார். வந்தவர்கள் கையில் படைக்கலம் இல்லை, ரோசாப்பூ இருந்தது. ஆர்மேனியாவின் தலைமையமைச்சர் சார்க்சியான் 2018 ஏப்பிரலில் எழுந்ததும் இதனுள் அடங்கும். மலையில் இவ்வகைக்குப் பூ வேண்டுவதில்லை. ஊரவைக் கூட்டத்தில் எரியாத தெருவிளக்குகளை ஒருவர் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாலே போதும், தலைவர் தண்ணீர் குடிக்க எழுவார்.

அரையெழுகை. எழுகையியலின் நடுப்பகுதி இதுவே, மாணாக்கர் தூங்கற்க. உடல் எழுந்தபின்னும் உரிமை எழாமை அரையெழுகை. இதற்குப் பெருஞ்சான்று கசக்கசுத்தானின் குடியரசுத் தலைவராயிருந்த நசர்பாயேவு. 2019 மார்ச்சில் தாமே முன்வந்து பொறுப்பு நீங்கினார். நீங்கியபின்னும் பாதுகாப்பு அவையின் தலைமையும் நாட்டுத்தலைவர் எனும் சிறப்புப் பெயரும் அவரிடமே இருந்தன. தலைநகருக்கே அவர் பெயரை இட்டு நூர்-சுல்தான் என்றனர். 2022 தொடக்கத்தில் நாட்டில் கலகம் மூண்டபோதுதான் அவைத்தலைமை கைவிட்டுப் போயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் நகரும் அசுத்தானா எனும் பழம்பெயருக்கே மீண்டது. எழத் தொடங்கியதற்கும் எழுந்து முடித்ததற்கும் இடையே மூன்றாண்டு அளவு கழிந்தது என அறிக.

கொல்லிமலையில் இவ்வகையின் கருவி தோள்துண்டு. (இருக்கையின் துண்டு வேறு, இது வேறு. மயங்குவார்க்கு இந்நூல் பயன்படாது.) 1996க்குப்பின் தேர்தலில் வென்ற தலைவர் கல்லருகே வருங்கால் ஊர்க்கவுண்டர் எழுவார். எழுமுன் தம் தோள்துண்டை எடுத்துக் கல்லின்மேல் இடுவார். பேருந்தின் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தலை ஒத்தது இது. துண்டு கிடக்கும் கல்லில் எவரும் அமரார். தலைவர் நின்றுகொண்டே பேசிச் செல்வார். கவுண்டரும் நின்றுகொண்டே கேட்பார். கல்மேல் துண்டு மட்டும் அமர்ந்திருக்கும். சாலை, குடிநீர்த்தொட்டி, தொகுப்பு வீடு ஆகியன பற்றிய முடிவுகள் தலைவர்பால் சென்றன. மணமுறிவும் விழா நாளும் துண்டின்பால் நின்றன. இப்பிரிவினையை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதப்படாமையாலேயே அது மீறப்படவில்லை என்பது எம் துணிபு.

முறையெழுகை. நாள் வந்ததனால் எழுதல். கிர்கிசுத்தானின் குடியரசுத் தலைவர் ஒதுன்பாயேவா அம்மையார் 2011 திசம்பரில் தேர்தலில் வென்றவரிடம் பொறுப்பைத் தந்து எழுந்தார். சியார்சியாவில் 2012 அக்டோபர்த் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்று, தோல்வியை ஒப்பி எழுந்தது. மலையில் ஊராட்சித் தலைவர்க்கு ஐந்தாண்டு. தோற்ற தலைவர் அலுவலகத் திறவுகோலைத் தாமே கொணர்ந்து தருதல் நேர்முறை. பிறர் கையில் கொடுத்தனுப்பல் வளைமுறை. திறவுகோல் எங்கு வைத்தோம் என்று நினைவின்றி ஒரு கிழமை தேடல் நெடுமுறை.

இயல் 3: அமர்வு

எழுந்த இடத்தில் அமர்தலும் இந்நூற்குப் புறம்பன்று. எழுகை ஒருவரால் நடப்பது. அமர்வு ஊரார் இசைவால் நடப்பது. ஆகலின் சிக்கல் மிகுதியும் ஈண்டே.

பாவையமர்வு. பெயர் ஒருவரது, அமர்தல் ஒருவரது ஆதல். பெண்டிர்க்கு ஒதுக்கிய ஊராட்சியில் மனைவி வெல்ல, கணவர் அமர்வது இதன் பெருவகை. இது தமிழ்நாடெங்கும் விளைவது. இம்மலைக்குரிய கொல்லிப்பாவைக்கும் இதற்கும் உறவு கற்பிக்கற்க. சங்கப் புலவர் சொன்ன அப்பாவை தானே நகைக்கும், தானே நகரும் என்பது வழக்கு. நாம் சொல்லும் பாவைக்கு அவ்வுரிமை இல்லை. ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் ஒருங்கே கையொப்பமிடல் வேண்டும். கணவரால் நாற்காலியில் அமர இயலும், கையொப்பமிட இயலாது. முதலாண்டு காட்டிய இடத்தில் எழுதியவர், இரண்டாம் ஆண்டு தொகையைப் படித்து எழுதுவர். மூன்றாம் ஆண்டு தொகையைப் படித்தபின் எழுதுகோலை மூடி வைப்பர். அன்று கணவர் திண்ணைக்குப் பெயர்வார். திண்ணையிருக்கையில் ஆராயத்தக்கது இல்லை என முன்னர்க் கூறியது இவ்விடத்து விலக்கப்படும்.

மறுப்பமர்வு. இருவருள் எவரும் முதலில் அமராமை. இஃது உலக வழக்கால் நிகழ்வதாகலின் ஊரார்தம் மொழியிலேயே தருதும். களம் ஊராட்சி அலுவலகம். நாற்காலி ஒன்று, கம்பி தைத்தது. தலைவி உள்ளே இருக்க, முதிய ஊர்க்கவுண்டர் வாயிலில் வருகின்றார்.

"வாங்க மாமா, உக்காருங்க."

"நீ உக்காரு கண்ணு. தலைவரு நீதானே."

"உங்க முன்னாடி நா எப்பிடி மாமா?"

"சட்டம் அப்பிடி. நீ உக்காரு."

இவ்வுரையாடலில் மாமா என்பது உறவால் வந்த ஏற்றம். கண்ணு என்பது வயதால் வந்த இறக்கம். தலைவரு என்பது சட்டத்தால் வந்த ஏற்றம். இம்மூன்றும் ஒரு நாற்காலியின்மேல் மோத, நாற்காலி வெறிதே நிற்கும். முடிவில் கவுண்டர் அமர்வார். கம்பி குத்தும். எழுவார். தலைவி அமர்வார். ஆட்சி மாற்றம் நிறைவுற்றது. இதனைப் படைத்துரைத்தோம் என ஐயுறுவார், எந்தச் சிற்றூர் அலுவலகத்திற்கும் சென்று காண்க.

பெயர்ச்சியமர்வு. கல்லில் இருந்தவர் தாமோ தம் மகன் வாயிலாகவோ தேர்தலில் நின்று நாற்காலிக்குப் பெயர்தல். ஊர்முதியோர் கூடி ஒருவரையே நிறுத்துவது என முடிவு செய்தால் வாக்குப்பதிவே இல்லாமல் போகும். இதனைக் குடியாட்சி என்பார் ஒரு சாரார், கல்லுக்கு நான்கு கால் முளைத்தது என்பார் மறு சாரார். யாம் இரு சாராரிடத்தும் பகை வேண்டாமையின், இதனை ஒருவகை எனக் குறித்து மேற்செல்கின்றோம்.

வெற்றமர்வு. எவரும் அமராதிருக்க இருக்கை மட்டும் ஆளுதல். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த ஊராட்சித் தேர்தல், சென்னை உயர் வழக்குமன்றத் தீர்ப்பால் நின்றது. தலைவர்களின் ஐந்தாண்டு அத்திங்களே முடிந்தது. தனி அலுவலர் என்பார் பொறுப்பேற்றனர். நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 திசம்பர் 27, 30 ஆகிய நாள்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது. அதில் வென்றோர் காலம் 2025 சனவரியில் முடிய, மீண்டும் தனி அலுவலர் வந்தனர். தலைவரின் நெகிழி நாற்காலி ஓரமாகச் சுவரை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டது. துண்டிருக்கைக்கு மட்டும் காலக்கெடு இல்லை.

இப்போது அகவளவையைக் கையில் எடுப்போம். ஊரவை கூடும் நாள் ஒன்றைக் கொள்க; ஆகத்து 15 எனக் கொள்ளலாம். 500 பேர்க்கு மேல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியாயின் குறைந்தது 100 பேர் வரல் வேண்டும் என்பது விதித்த எண்ணிக்கை. பலாமரத்தடியில் பாய் விரித்திருக்கும். மிளகுக்கொடி, காப்பிச்செடி வேலையை விட்டு வந்தவர் அதில் அமர்ந்திருப்பர். தலைவி நாற்காலியிலும் கவுண்டர் கல்லிலும் இருப்பர். கவுண்டர்க்காகத் தலைவி பாதி எழுந்தாயிற்று. தலைவிக்காகக் கவுண்டர் பாதி எழுந்தாயிற்று. இரு பாதியும் சேர்த்து ஒரு முழுவெழுகை எனக் கணக்கிட்டோம். அப்போது வளைவில் வண்டியின் ஒலி கேட்கும். வண்டி நிற்கும். ஒன்றியத்திலிருந்து வந்த அலுவலர் இறங்குவார். கவுண்டர் எழுவார், தலைவி எழுவார், கணவர் திண்ணையிலிருந்து எழுவார், பாயில் இருந்த நூற்றுவரும் எழுவர். துண்டை உதறி மீண்டும் விரிக்க ஓர் இளைஞர் ஓடுவார். தோள்துண்டை இம்முறை எவரும் கல்லில் இடுவதில்லை, கையில் பற்றியிருப்பர். இவ்வெழுகைக்கு ஆறனுள் எதிலும் இடமில்லாமையின் ஏழாவதாக ஒருங்கெழுகை எனப் பெயரிட்டு வகைப்பாட்டை விரித்தோம்.

இயல் 4: ஒழிபு

முன் இயல்களில் கூறாது விட்டவை ஈண்டுக் கூறப்படும். 1996 திசம்பரில் நாடாளுமன்றம் பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. மரபு வழக்கங்களையும் ஊரவையின் தீர்ப்பு முறைகளையும் மாநிலச் சட்டங்கள் மதிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அஃது அரசியலமைப்பின் ஐந்தாம் பட்டியலில் சேர்ந்த பகுதிகளுக்கே பொருந்தும். தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. எனவே கல்லிருக்கை சட்டத்தின் கண்ணுக்குக் கல்லாகவே தெரியும். சட்டம் கல்லையும் ஏற்று, அதன்மேல் பெண்ணும் அமரலாம் என்று விதித்திருப்பின் எழுகைகளின் தொகை எத்துணையாகும் என்று கணக்கிட்டோம், தாள் போதவில்லை.

நாற்காலியின் கால் ஒடிதலால் நேரும் வீழ்வு எழுகையா அன்றா என்னும் வினாவிற்கு, அன்று என்க. எழுகை விரும்பியோ வேண்டாமலோ மேனோக்கி நிகழ்வது, வீழ்வு கீழ்நோக்கியது. வீழ்ந்தவர் பின் எழுதல் எழுகையே. ஆயினும் அஃது ஆட்சி மாற்றம் ஆகாது, அதே நாற்காலியை நிமிர்த்தி அவரே அமர்வாராயின்.

பயிற்சி. ஊர்க்கவுண்டர் தலைவிக்குத் தாய்மாமன். தலைவியின் கணவர் கவுண்டரின் மகன். தனி அலுவலர் வருவதாகச் சொல்லிய நேரம் கடந்தது. அலுவலகத்தில் உள்ளவை நெகிழி நாற்காலி ஒன்று, துண்டு விரித்த நாற்காலி ஒன்று. வெளியே மழை வலுக்கின்றது, கல் நனைந்துவிட்டது. எவர் எங்கு அமர்வர், எவர்க்கு எவ்வகையால் எழுவர் என்பதனை வகை, உள்வகை காட்டி விடையிறுக்க. அனைவரும் நின்றுகொண்டே பேசினர் என்னும் விடைக்கு மதிப்பெண் இல்லை. துண்டை எடுத்துத் தலை துவட்டினர் என எழுதுவோர் தேர்வறையை விட்டு வெளியேற்றப்படுவர்.